முன் சக்கரங்களுக்குத் தனிக்குடித்தனம்!

எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு மஹிந்திரா ஜீப் பிக்கப் நிற்கிறது. 1970களில் பிறந்தது. முன்னால் ஜீப் முகம். பின்னால் ஆம்பூர் ஆசாரி ஒருவர் மரமும் தகரமுமாகக் கட்டிக் கொடுத்த தட்டு. அப்பா தோல் தரகு செய்த காலத்தில் பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றுக்கு இரண்டு பக்கமும் உப்புத்தோல் சுமந்த வண்டி. அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. வண்டி இன்னும் போகவில்லை. (இரண்டு அர்த்தத்திலும்தான். தள்ளினால் போகும்.)

சில மாதங்களுக்கு முன் அம்மாவை வேலூருக்குக் கண் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டியிருந்தது. சொல்லிவைத்த வாடகைக் கார் வரவில்லை. டிரைவரின் பாட்டி திடீரென்று இறந்துவிட்டாராம். அந்தப் பாட்டி அந்த வருஷத்தில் இறந்தது அது மூன்றாவது தடவை.

"நம்ம வண்டிதான் இருக்கே, எடுடா" என்றாள் அம்மா.

எடுத்தேன். ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் ஐம்பது கிலோ மீட்டர். மாதனூர் வரை அம்மா என்னோடு பேசிக்கொண்டு வந்தாள். பள்ளிகொண்டா வரை முருகனோடு பேசிக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் யாரோடும் பேசவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் தலை மேல் தகரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. வேலூரில் டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா. வேற ஏதாச்சும் தொந்தரவு உண்டா?" என்றார்.

"இடுப்பு" என்றாள் அம்மா.

அன்று ராத்திரி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா மெதுவாகச் சொன்னாள்: "உங்கப்பா ஓட்டறப்போ இப்படி இல்லைடா. நீ வயித்துல எட்டு மாசம். இதே வண்டியிலதான் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழி பூரா தூங்கிக்கிட்டே போனேன்."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன புருஷன் எப்போதுமே நல்ல டிரைவர்தானே! ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில்தான் வண்டியின் வியாதி, வைத்தியம் இரண்டும் இருந்தன என்பது எனக்குப் புரிய ஒரு மாதமும், ஒரு மச்சினனும், ஒரு மெக்கானிக்கும் தேவைப்பட்டார்கள்.

மச்சினன் டெக்சாஸிலிருந்து லீவில் வந்திருந்தான். வண்டியைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்து, குனிந்து முன் சக்கரத்துக்கு நடுவே பார்த்தான்.

"மாமா, இன்னும் லீஃப் ஸ்பிரிங்கா வெச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்க. அமெரிக்காவுல பழைய பிக்கப் வெச்சிருக்கறவன் முதல்ல செய்யற வேலையே முன் சஸ்பென்ஷனை மாத்தறதுதான்."

"மாத்தி?"

"இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங். இந்தச் சக்கரம் பள்ளத்துல விழுந்தா அந்தச் சக்கரத்துக்குத் தெரியவே தெரியாது."

"தனிக்குடித்தனம்னு சொல்லு."

உள்ளேயிருந்து என் மனைவி, "எதுவா இருந்தாலும் சீக்கிரம் செய்யுங்க" என்றாள். அவள் எதைச் சொன்னாள் என்று நான் விசாரிக்கவில்லை.

* * *

மச்சினன் சொன்னது பொய்யில்லை. அமெரிக்காவில் 1950களின் ஃபோர்டு, செவர்லே பிக்கப்புகளை வைத்துக்கொண்டு கொஞ்சுகிறவர்கள் ஏராளம். அந்த வண்டிகளுக்கும் முன்னால் ஒரே நீள அச்சு, பட்டை ஸ்பிரிங்தான். அதைக் கழற்றிவிட்டு, ஃபோர்டு கம்பெனி 1974 முதல் 1978 வரை விற்ற மஸ்டாங் டூ என்ற சின்னக் காரின் முன்பக்க அமைப்பை வைப்பது அங்கே பிரசித்தம். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் சுருள் ஸ்பிரிங். இடத்தை அடைக்காது. அந்த அமைப்பைப் பழைய பிக்கப்புக்கென்றே குறுக்குச் சட்டத்தோடு புதிதாகச் செய்து விற்கிறார்கள். கம்பெனிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. செவர்லே 1960லேயே தன் சின்ன பிக்கப்புகளின் முன் சக்கரங்களுக்குத் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்துவிட்டது. ஃபோர்டு 1965ல், ஒரு அச்சுக்குப் பதில் இரண்டு அச்சுகளைக் குறுக்கே போட்டுச் சமாளித்தது. சொத்தைப் பிரித்து, வாசலை மட்டும் பொதுவாக வைத்த மாதிரி.

என் வண்டிக்கு வருவோம். நம் ஊருக்குப் பட்டை ஸ்பிரிங் ஜீப்போடு வந்து சேர்ந்த சமாசாரம் இல்லை. வில்வண்டி தெரியுமல்லவா? பண்ணையார் வீட்டம்மா கோயிலுக்குப் போகிற கூண்டு வண்டி. அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில் வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்கியிருக்குமே, அதேதான். 1941ல் வில்லிஸ் கம்பெனி அமெரிக்க ராணுவத்துக்குச் செய்ய ஆரம்பித்த ஜீப்பிலும் நாலு சக்கரத்துக்கும் அதுதான். அந்த ஜீப்பின் வம்சத்தைத்தான் 1940களின் கடைசியில் மஹிந்திரா பம்பாயில் பூட்ட ஆரம்பித்தார்கள். ஆக, என் வண்டியின் முன்பக்கம் என்பது அமெரிக்கா போய்விட்டுத் திரும்பிய பண்ணையார் வண்டி!

இதில் ஒரே அச்சு இரண்டு சக்கரத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். கூட்டுக்குடும்பம். இடது சக்கரம் கல்லில் ஏறினால் வலது சக்கரமும் தலையைச் சாய்க்கும். சௌகரியம் குறைவுதான். ஆனால் அடி தாங்கும், சுமை தாங்கும், பழுதானால் பனைமரத்தடியில் வைத்துக்கூட சரிபண்ணிவிடலாம்.

மச்சினனின் திட்டம் இதுதான்: சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய டாடா சுமோவின் முன்பகுதியை வாங்குவது (அதில் இரட்டைக் கையும் சுருள் ஸ்பிரிங்கும் உண்டு), நம் ஜீப்பின் சேஸிஸை அறுத்து அதை வெல்டு செய்வது. அம்மா பூ மாதிரி வேலூர் போய் வருவாள்.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. இரண்டு பேருமாக வண்டியை எடுத்துக்கொண்டு பழைய ஹைவேயில் இருக்கிற பாயின் ஷெட்டுக்குப் போனோம். பாய்க்கு எழுபது வயதுக்கு மேல். அப்பா காலத்து மெக்கானிக். இப்போது வேலையைப் பையன்கள் பார்க்கிறார்கள். பாய் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிப்பார், காதால் வைத்தியம் பார்ப்பார்.

"இன்னா தம்பி, எஞ்சினை ஆஃப் பண்ணு. இன்னாத்துக்கு இவ்ளோ சத்தம்?"

"எஞ்சினை அப்பவே ஆஃப் பண்ணிட்டேன் பாய். இது என் மச்சினன்."

மச்சினன் திட்டம் முழுவதையும் சொல்லி முடித்தான். பாய் டீயை முடித்தார்.

"மூணு பேரும் முன் பம்பர் மேல ஏறி நில்லுங்க. ஏறி இறங்கிக் குதிங்க."

நான், மச்சினன், ஷெட்டுப் பையன் மூவரும் ஏறிக் குதித்தோம். வண்டி அசையவில்லை. விருந்து சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்த சம்பந்தி மாதிரி அப்படியே இருந்தது.

"அசையுதா?"

"இல்லையே பாய்."

"அப்போ இதுக்குப் பேரு ஸ்பிரிங் இல்ல, கட்டை. அசையாத வில்லு இன்னா வில்லு? ஷாக்கப்ஸர் போன வண்டின்னா ஒரு அழுத்து அழுத்தினா நாலு தடவை ஆடும். நல்ல வண்டி ஒரு தடவை ஆடி நிக்கும். இது ஆடவே இல்ல."

"அதான் அங்கிள், மாத்திடலாம்னு..." என்றான் மச்சினன்.

"மாத்தலாம்பா. அது ஏன் கட்டையாச்சுன்னு முதல்ல பாக்க வேணாமா? மூட்டு வலின்னு வர்றவனுக்கெல்லாம் காலை எடுத்துட்டு கட்டைக் கால் வெச்சா, ஊருல ஒருத்தன் நடக்க மாட்டான்."

பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "உங்கப்பா மாசா மாசம் தண்ணி அடிப்பாரே, நீ அடிக்கறதில்லையா?"

மச்சினன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். எங்கள் குடும்பத்தில் பெண் கொடுத்ததைப் பற்றி அவன் மறுபரிசீலனை செய்வது முகத்தில் தெரிந்தது.

"வண்டிக்கு அடியிலப்பா!" என்றார் பாய்.

* * *

தோல் ஊரில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உரித்த தோல் கெட்டுப்போகாமல் தொழிற்சாலைக்கு வந்து சேர வேண்டுமானால் உப்புப் போட வேண்டும். கொஞ்சநஞ்சம் இல்லை, தோலின் எடையில் 40 சதவீதம் வரை போடுவார்கள். அந்த உப்பு தோலிலிருக்கும் தண்ணீரை இழுக்கும். தோலை வண்டியில் ஏற்றினால் உப்புத்தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சேஸிஸ் மேல் இறங்கும். பட்டைகளுக்கு நடுவே புகும். ஷாக்கிள் மரைக்குள் போகும். ஊறுகாய் ஜாடிக்குள் வண்டியை நிறுத்தினது மாதிரி.

இரும்பு துருவானால் முன்பு இருந்ததைவிட அதிக இடம் பிடிக்கும். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் துரு வீங்கினால், ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டிய பட்டைகள் எல்லாம் இறுகி ஒரே கட்டியாகிவிடும். பட்டை ஸ்பிரிங் வளைய வேண்டுமானால் பட்டைகள் ஒன்றை ஒன்று உரசி நகர வேண்டும். வளையும்போது மொத்த வில்லும் கொஞ்சம் நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஒரு முனையில் ஊஞ்சல் மாதிரி ஷாக்கிள் தொங்குகிறது. ஊஞ்சல் துருப்பிடித்து நின்றுவிட்டால் வில் எங்கே நீளும்? பள்ளத்தின் அடி நேராக சேஸிஸுக்கு வரும். சேஸிஸிலிருந்து சீட்டுக்கு. சீட்டிலிருந்து அம்மாவுக்கு.

இது உப்பின் கைங்கர்யம். அடுத்தது என் கைங்கர்யம்.

அப்பாவுக்கு அப்புறம் வண்டியைக் கொஞ்ச நாள் லோடுக்கு விட்டிருந்தேன். முன்பக்கம் லேசாகத் தாழ்ந்துவிட்டது என்று டிரைவர் சொன்னார். பட்டைகளின் வளைவு தளர்ந்திருக்கிறது, அதைச் சரிபண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. "ரெண்டு பட்டை சேர்த்துப் போடுய்யா" என்று சொல்லிவிட்டேன். பழைய லாரியிலிருந்து கழித்த பட்டையாகப் பார்த்துப் போட்டுவிட்டார்கள். கொஞ்சம் தடிமன் கூட. 'கூடத்தானே இருக்கிறது, நல்லதுதானே' என்று அப்போது பெருமைப்பட்டேன்.

பாய் ஒரு சாக்பீஸை எடுத்து ஷெட்டுத் தகரத்தில் கணக்குப் போட்டார். நான் மொழிபெயர்த்துத் தருகிறேன். எட்டுப் பட்டை உள்ள ஸ்பிரிங்கில் அதே தடிமனில் இன்னும் இரண்டு சேர்த்தால் விறைப்பு கால் பங்கு கூடும். அது பரவாயில்லை. ஆனால் தடிமன் கூடினால் விறைப்பு மும்மடிக் கணக்கில் ஏறும். 6 மில்லி மீட்டர் பட்டைக்குப் பதில் 7 மில்லி மீட்டர் போட்டால், அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய 60 சதவீதம் அதிகம். ஒரே ஒரு மில்லி மீட்டர்தான்! தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு.

நீளம் இதற்கு நேர் எதிர். ஸ்பிரிங்கின் நீளத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் விறைப்பு கால் பங்கு குறையும். அதனால்தான் மெத்தென்ற வண்டி செய்கிறவர்கள் நீளமான, மெல்லிய, குறைந்த பட்டைகளாகப் பார்த்துப் போடுகிறார்கள். நான் என்னடாவென்றால் நீளத்தைக் கூட்டாமல் தடிமனைக் கூட்டியிருக்கிறேன்.

"மூணாவது, டயர். காத்து எவ்ளோ வெக்கறே?"

"ஐம்பது பாய்."

"லோடு ஏத்தறியா?"

"அம்மாவை ஏத்தினேன்."

"அம்மா எத்தினி டன்னு?"

காலி வண்டிக்கு முப்பது போதுமாம். டயர்தான் ரோட்டைத் தொடும் முதல் ஸ்பிரிங். அதையே கல்லாக்கிவிட்டு, அதற்கு மேல் எந்த ஊர் ஸ்பிரிங் போட்டாலும் பிரயோஜனமில்லை என்றார் பாய்.

மச்சினன் விடவில்லை. "எல்லாம் சரி அங்கிள். இவ்வளவும் சரி பண்ற செலவுக்குப் புதுசாவே மாத்திட்டா?"

பாய் பதில் சொல்லவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். சேஸிஸைப் பின்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங்... டங்... டங்... முன்பக்கம் ரேடியேட்டருக்குக் கீழே வந்தபோது சத்தம் மாறியது. தொப்.

"கேட்டுச்சா? இங்கதான் உன் சுமோவை வெல்டு அடிக்கணும்."

விஷயம் இதுதான். பட்டை ஸ்பிரிங் வண்டியின் சுமையைச் சேஸிஸில் இரண்டு இடத்தில், ஏறக்குறைய ஒரு கெஜ இடைவெளி விட்டுப் பகிர்ந்து கொடுக்கிறது. தனிக்குடித்தன சஸ்பென்ஷனில் மொத்த அடியும், பிரேக் போடும்போது வரும் இழுப்பும், நடுவில் ஒரே இடத்தில் வந்து விழும். அதற்கென்று பலமாகக் கட்டிய சேஸிஸ் தாங்கும். உப்பில் ஊறி உள்பக்கம் மெலிந்துபோன பழைய இரும்பின்மேல் வெல்டு வைத்தால், வெல்டு நிற்கும், பக்கத்தில் இருக்கும் இரும்பு கிழியும். சர்வீஸ் ரோட்டில் கிழிந்தால் கோயிலுக்குத் தேங்காய். ஹைவேயில் கிழிந்தால்...

பாய் முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போதாக்குறைக்குச் சட்டம் வேறு. வக்கீல் நண்பரிடம் போனில் கேட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, வண்டியைத் தயாரித்தவர் முதலில் கொடுத்த விவரத்துக்கு முரணாக அதன் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தியபோது, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். பழசுக்கு அதே மாதிரி புதுசு போடுவது ரிப்பேர். அறுத்து ஒட்டுவது வேறு.

"மாமா, ஆறு மாசம்னா எனக்கு லீவு கிடைக்காது" என்றான் மச்சினன். தனிக்குடித்தனத் திட்டம் அத்துடன் வாபஸ்.

* * *

மறுநாள் பட்டையைக் கழற்றினோம். 'கழற்றினோம்' என்பது சின்ன வார்த்தை. மச்சினன் தன் பங்குக்கு ஒரு ஷாக்கிளோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினான். ஸ்பேனருக்கு ஒரு முழ நீளம் குழாய் மாட்டி, கால் வைத்து உதைத்து, வியர்த்து விறுவிறுத்து... ஷெட்டுப் பையன் அதுவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சார், அது இடது மரை. நீங்க டைட் பண்றீங்க" என்றான். அந்தக் காலத்து ஜீப் ஷாக்கிளில் சிலதுக்கு மரை எதிர்ப்பக்கமாம். டெக்சாஸ் அன்று முழுவதும் வாய் திறக்கவில்லை.

பட்டைகளைப் பிரித்து வரிசையாகத் தரையில் வைத்தார்கள். நடுவிலிருந்து துரு அப்பளமாக உதிர்ந்தது. பாய் மெயின் பட்டையை எடுத்து, மண்ணெண்ணெயில் துடைத்து, வெயிலில் காட்டினார்.

"தம்பி, இங்க பாரு."

சென்டர் போல்ட் போகிற ஓட்டையிலிருந்து பக்கவாட்டில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. ஓரம் வரைக்கும் போயிருந்தது. பட்டையில் பாதி அகலம் ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது. யூ போல்ட் தளர்ந்தால் பட்டை அந்த ஓட்டையிடத்தில் மடங்கி மடங்கி இப்படித்தான் விரிசல் விடுமாம். மெயின் பட்டைதான் அச்சைச் சேஸிஸோடு பிடித்து வைத்திருப்பது. அது ஓடும்போது ஒடிந்தால் அச்சு ஒரு பக்கம் பின்னால் போகும். ஸ்டியரிங் நாம் சொல்வதைக் கேட்காது.

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கோட்டின்மேல்தான் அம்மாவை ஐம்பது கிலோ மீட்டர் போக, ஐம்பது கிலோ மீட்டர் வர உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன். அவள் இடுப்பு வலி என்றபோது, வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். வண்டிக்கும் அதையேதான் நினைத்தேன்.

அதற்கப்புறம் நடந்ததில் அதிசயம் எதுவுமில்லை. மெயின் பட்டை அதே அளவில் புதிதாக வந்தது. நான் சேர்த்த லாரிப் பட்டை இரண்டும் வெளியே போனது. மற்றவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பட்டைக் கடையில் வளைவைச் சரிசெய்து வாங்கினோம். பட்டைக்கு நடுவில் கிராஃபைட் கிரீஸ் ஒரு பூச்சு. "ரொம்ப அப்பாதே. கொஞ்சம் உரசல் வேணும். அந்த உரசல்தான் ஆட்டத்தை அடக்கும்" என்றார் பாய். புது ஷாக்கிள், புது யூ போல்ட், புது ஷாக்கப்ஸர். சேஸிஸில் 'தொப்' என்ற இடத்தில் துருவை வெட்டி எடுத்து, உள்ளே அதே கனத்தில் தகடு வைத்துத் தைத்தார்கள்.

ஸ்டியரிங் விஷயம் ஒன்று. ஜீப்பின் முன் சக்கரம் திரும்புகிற அச்சாணியின் தலை 3 டிகிரி பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். சைக்கிள் ஃபோர்க் சாய்ந்திருப்பது மாதிரி. அந்தச் சாய்வு இருந்தால்தான் கையை விட்டாலும் சக்கரம் நேராகப் போகும். சிலர் வண்டியை உயரமாகக் காட்ட நீளமான ஷாக்கிள் மாட்டுவார்கள். ஜீப்புக்கு முன் ஷாக்கிள் முன் முனையில் இருப்பதால், அதை நீட்டினால் இந்தச் சாய்வு குறைந்து வண்டி ரோட்டில் அலையும். பாய் அளந்து பார்த்து, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் மெல்லிய ஆப்பு ஒன்று வைத்தார். ஆப்பு வைப்பதிலும் நல்ல ஆப்பு உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"ஐநூறு கிலோ மீட்டர் ஓட்டிட்டு வா. யூ போல்ட்டைத் திரும்ப டைட் பண்ணணும். மறந்துடாதே. நீ மறப்பே" என்று சொல்லி அனுப்பினார்.

மச்சினனுக்கு ஆறுதலாக ஒரு விஷயம் சொன்னேன். ஜீப் கம்பெனி 1997 மாடல் ராங்ளரில் பட்டையை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் மாட்டியது. ஆனால் அப்போதும் அந்த ஒரே நீள அச்சை விடவில்லை. இன்றைய ராங்ளரிலும் முன்னால் அதேதான். மெத்தை மாற்றினார்கள், கூட்டுக்குடும்பத்தைக் கலைக்கவில்லை!

* * *

நான் இதில் கற்றுக்கொண்டது ஸ்பிரிங் சாஸ்திரம் இல்லை.

சின்ன வயதில் ஒவ்வொரு அமாவாசைக்கும் அப்பா ஒரு பூஜை செய்வார். காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போவார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார். வெயிலில் காயவிட்டு, சாயந்திரம் பழைய பிரஷ்ஷால் பட்டைக்கும் ஷாக்கிளுக்கும் எண்ணெயும் கிரீஸுமாகத் தடவுவார். அப்புறம் குளித்துவிட்டு வந்து சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கற்பூரம். பிள்ளைகளான எங்களுக்கு அது முழுவதும் ஒரே சடங்காகத்தான் தெரிந்தது. வண்டிக்கு எண்ணெய்க் குளியல் என்று சிரிப்போம்.

அப்பா போனபின், வண்டியை நான் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு அமாவாசை தவறியதில்லை. எலுமிச்சம்பழத்தை விடாமல் வைத்தேன். கற்பூரத்தை விடாமல் கொளுத்தினேன். வாளியைத்தான் விட்டுவிட்டேன். உப்பைக் கழுவியது வாளி. கண்ணுக்குத் தெரிந்தது கற்பூரம்.

பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். முன்பக்கம் முரடாக இருக்கிறதென்று எதையாவது வாங்கி மாட்டுவதற்கு முன், பம்பர்மேல் ஏறிக் குதித்துப் பாருங்கள். டயரில் காற்றைப் பாருங்கள். யாராவது புண்ணியவான் பட்டை சேர்த்திருக்கிறாரா என்று எண்ணிப் பாருங்கள். சேஸிஸைச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். மெயின் பட்டையின் நடு ஓட்டையைத் துடைத்துப் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் முரடாகவே இருந்தால், அப்போது யோசிக்கலாம் புதிய சம்பந்தத்தை.

போன வாரம் அம்மாவுக்கு மறுபடி வேலூர். வாடகைக் கார் தயாராக இருந்தது (பாட்டிக்கு அந்த வாரம் உடம்பு தேவலை). அம்மா நேராக வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள். மாதனூர் தாண்டும்போது பேச்சே இல்லை. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நின்றதும் கண் விழித்து, "வந்துட்டோமாடா?" என்றாள்.

இன்று அமாவாசை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறேன். தண்ணீரில் பாதி என்மேல்தான் விழுகிறது. என் மனைவி வாசலில் நின்று இந்தக் காட்சியைப் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறாள். திண்ணையிலிருந்து அம்மாவின் குரல் வருகிறது:

"இடது பக்கம் விட்டுட்டே பாரு. உங்கப்பா அங்கதான் ரெண்டு வாளி சேர்த்து ஊத்துவாரு."